மேற்படி மழை

அளப்பட்டணத்தில் முதல் தடவையாகப் பனி பெய்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கான பழி மெட்டில்டா டிவோட்டாவின் தலையில் விழுந்தது வியாழக்கிழமை. நடுவில் இரண்டு நாள் ஏன் வீணாய்ப் போயிற்று என்றால், அந்த ஊரில் வெள்ளையாக எது கிடந்தாலும் அது உப்பு என்றுதான் கணக்கு. கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் உப்பளம், பார்க்கும் இடமெல்லாம் வெள்ளை அம்பாரம். அதன்மேல் கொஞ்சம் கூடுதலாக வெள்ளை விழுந்தால் எவன் அண்ணாந்து பார்க்கப் போகிறான்? பாத்தியில் நின்ற பெண்கள்தான் காலில் ஜில்லென்று ஏறுகிறதே என்று ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள், அப்புறம் கங்காணி கத்துவானே என்று குனிந்துகொண்டார்கள், உப்பையும் பனியையும் ஒன்றாக வாரி, ஒன்றாக மூட்டை கட்டி, ஒன்றாக லாரியில் ஏற்றிவிட்டார்கள். மதுரையில் போய் இறக்கும்போது மூட்டையெல்லாம் பாதியாய் மெலிந்து, லாரி அடியில் குளம் கட்டி நின்றது. டிரைவர் போன் போட்டு, உப்பைக் குளிப்பாட்டியா அனுப்புதீங்க என்று கேட்டானாம்.

இதெல்லாம் எங்கே தொடங்கியது என்று கேட்டால், மெட்டில்டாவின் புருஷன் ஹெர்மன் டிவோட்டாவின் வாயில் தொடங்கியது என்று சொல்ல வேண்டும். ஹெர்மன் கெட்டவர் இல்லை. ஐஸ் கம்பெனியில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், குழம்பில் புளி கூடினாலும் முகம் சுளிக்க மாட்டார். ஒரே ஒரு குறை, வீட்டில் பேச மாட்டார். ஏனென்றால் பேச வேண்டியதையெல்லாம் அவர் மாடியில் பேசிவிடுவார். மாடியில் ஒரு அறை, அறையில் ஒரு ஹாம் ரேடியோ, கூரைமேல் மீன்முள் போல ஒரு ஏரியல். முப்பத்தைந்து வருஷமாக, சாயங்காலம் ஏழு அடித்தால் மேலே போய், லைசென்ஸ் வாங்கின மனிதர் என்ற கம்பீரத்தோடு மைக்கைப் பிடித்து, முன்னே பின்னே தெரியாத ஊர்களில் இவரைப் போலவே மாடியில் உட்கார்ந்திருக்கும் ஆண்களோடு ஒன்பது மணி வரை பேசிவிட்டு, வாய் வலிக்க இறங்கி வந்து, சோறு தின்று, படுத்துவிடுவார். உலகத்தில் நூற்றெழுபது நாட்டோடு பேசின மனிதர் பெண்டாட்டியிடம் பேசினது உப்பு, சீனி, கேஸ் சிலிண்டர் என்கிற மூன்று விஷயம்தான்.

பேசின ஒவ்வொரு ஆளையும் அவர் லாக் புத்தகத்தில் எழுதி வைப்பார். நாளுக்கு ஒரு பக்கம். பக்கத்தின் தலையில் தேதி. கீழே வரி வரியாக நேரம், அலைவரிசை, எதிராளியின் கால் சைன் என்கிற அடையாள எழுத்து, அவன் பேர், ஊர், சத்தம் எவ்வளவு தெளிவு, கடைசியில் குறிப்பு. அப்படி முப்பத்தெட்டு தடிப் புத்தகம், ஐம்பத்தேழாயிரம் வரி.

நாற்பதாவது கல்யாண நாளன்று, பூசை முடிந்து பிரியாணியும் முடிந்து, ஹெர்மன் பல்குத்திக்கொண்டிருந்த நல்ல நேரம் பார்த்து மெட்டில்டா நேராகவே கேட்டாள், எனக்கு அந்த ஏழுல இருந்து ஒம்பது வேணும் என்று. வேறு எதுவும் வேண்டாம், சங்கிலி வேண்டாம், வேளாங்கண்ணி வேண்டாம், அந்த இரண்டு மணி நேரம் கீழே உட்கார்ந்து என்னிடம் பேசினால் போதும் என்றாள். ஹெர்மன் நிதானமாக யோசித்தார். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் ஆகிவிட்டது, நீ என்னோடு பேசினது நிஜமா என்று உலகம் பூராவும் இருந்து உறுதி கேட்டு எழுதுகிறார்கள், இந்த முப்பத்தெட்டு புத்தகமும் கம்ப்யூட்டரில் ஏறாமல் நான் ரேடியோவை அணைத்தால் அது துரோகம் என்றார். ஏறிவிட்டால்? ஏறிவிட்டால் அன்றைக்கே அணைப்பேன் என்றார். மாதா சுரூபத்துக்கு முன்னால் நின்று சொல்லுங்க என்றாள், நின்று சொன்னார். கடல் வற்றினால் தருகிறேன் என்று சொல்கிறவனுக்கு எவ்வளவு தைரியம் இருக்குமோ அவ்வளவு தைரியம் அவருக்கு இருந்தது.

பாவம், யாரைக் கட்டிக்கொண்டோம் என்பதை அவர் அந்த நேரம் மறந்துவிட்டார். மெட்டில்டா கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் இருபத்தொன்பது வருஷம் டைப்பிஸ்டாக இருந்தவள். எந்தக் கப்பலில் எந்தப் பெட்டி ஏறியது என்கிற பட்டியலைக் கப்பல் கொம்பு ஊதுவதற்குள் அடித்து முடித்து, நகம்கூட உடையாமல் எழுந்து போகிறவள். மறுநாளே மத்தியானம் இரண்டு மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

அங்கேதான் சோதனை. ஹாம் சங்கத்துச் செயலாளர் பால்வண்ணன், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்து ஓய்வு பெற்றவர், சங்கத்துக்காக அவரே எழுதின புரோகிராம் அது. ஒரு வரிக்கு எட்டு கட்டம்; ஒவ்வொரு கட்டத்துக்கும் மவுசைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தட்ட வேண்டும்; தேதியைப் பட்டியலில் தேட வேண்டும், நாட்டைப் பட்டியலில் தேட வேண்டும். மூன்று மணி நேரம் அடித்து எண்ணினால் நூற்று நாற்பது வரி. மெட்டில்டா மனக்கணக்குப் போட்டாள்: இப்படியே போனால் ஒரு வருஷத்துக்கும் மேல். அதோடு இன்னொன்றும் கவனித்தாள். நாளுக்கு ஐந்து பேரோடு பேசுகிற ஹெர்மன் அன்றைக்கு நாற்பது பேரோடு பேசி, நாற்பது வரி எழுதிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போலச் சோற்றுக்கு வந்து உட்கார்ந்தார்.

பால்வண்ணனுக்கு ஆள் போனது. அவர் வந்து, காப்பி குடித்து, தன் புரோகிராமின் அருமை பெருமைகளைச் சொல்லத் தொடங்கும்போதே மெட்டில்டா குறுக்கே விழுந்தாள்.

"தம்பி, கப்பல்ல முந்நூறு பெட்டி முந்திரி ஏறுனா நாங்க முந்நூறு தடவை முந்திரின்னு அடிக்க மாட்டோம். மொத வரியில ஒரு தடவை அடிப்போம். அதுக்குக் கீழ எல்லாம் மேற்படி. மாறுனதை மட்டும் அடிக்கணும், மாறாதது மாறாம நிக்கணும். உங்க புரோகிராமுக்கு இந்தச் சின்ன மரியாதை தெரியலையே."

பால்வண்ணன் முகம் சுருங்கிப்போய் வீட்டுக்குப் போனார். ஆனால் ரோஷக்காரர், நான்கே நாளில் திருத்திக்கொண்டு வந்தார். மவுசே கிடையாது. தேதியை ஒரு தடவை அடித்தால் அடுத்த தேதி வரும்வரை அது நிற்கும். அலைவரிசை அப்படியே, மணி அப்படியே. நிமிஷம் மாறினால் நிமிஷத்தை மட்டும் அடித்தால் போதும். குறிப்பில் என்ன அடித்தாலும் அதுவும் மேற்படி, அந்தத் தேதிக்குள் வேறு ஒன்று அடிக்கிற வரைக்கும். மெட்டில்டா ஒரு வரி அடித்துப் பார்த்தாள், ஒன்பது விநாடி. அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து ஹெர்மன் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

குறிப்பு என்று சொன்னேனே, அதில் ஹெர்மன் என்ன எழுதியிருப்பார்? ஹாம் ரேடியோவில் அரசியல் பேசக் கூடாது, மதம் பேசக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது. இதையெல்லாம் கழித்துவிட்டால் ஒரு ஆண்பிள்ளை இன்னொரு ஆண்பிள்ளையிடம் பேச உலகத்தில் மிஞ்சுவது என்ன? உங்கள் ஊரில் வெயிலா மழையா என்று கேட்பதுதான். அதனால் அந்த ஐம்பத்தேழாயிரம் வரியிலும் குறிப்புக் கட்டத்தில் அந்தந்த ஊரின் வானிலை இருந்தது, எதிராளி சொன்னது சொன்னபடி, மிகையும் இல்லாமல் குறையும் இல்லாமல். மெட்டில்டா செவ்வாய்க்கிழமை மூன்றேகால் மணிக்கு, வடக்கு நார்வேக்காரன் ஒருவனின் வரியில் 'பனி' என்று அடித்துவிட்டு, உலையில் அரிசி போட எழுந்து போனாள். அவள் திரும்பி வந்து அடுத்த வரியை அடிக்க இருபத்தைந்து நிமிஷம் ஆனது. அந்த இருபத்தைந்து நிமிஷமும் அளப்பட்டணத்தில் மேற்படி.

புதன்கிழமை பிரேசிலின் அடைமழை வந்தது, மங்கோலியாவின் புழுதிக்காற்று வந்தது, ஸ்காட்லாந்தின் மூடுபனி வந்து, சந்தையில் ஆட்டை ஓட்டி வந்த இரண்டு பேர் ஆடு மாற்றிக்கொண்டு போனார்கள். வியாழக்கிழமை பால்வண்ணன், புரோகிராம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திரையில் 'ஓசாகா, தூறல்' என்று ஏறியது. ஜன்னலுக்கு வெளியே தூறியது. திரையில் 'பெர்த், நல்ல வெயில்' என்று ஏறியது; ஜன்னலில் வெயில் பளிச்சென்று அடித்தது. பால்வண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னும் பத்து வரி பார்த்தார். அப்புறம் பெருமூச்சு விட்டு, புரோகிராமில் தப்பு ஒன்றும் இல்லை, அக்கா, மேற்படி ஒழுங்காக வேலை செய்கிறது, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு, போகிற வழியில் உப்பள உரிமையாளர் சங்கத்தில் ஏறி விஷயத்தைச் சொன்னார்.

சங்கத்துக் காரியதரிசி சித்திரைவேல் ஓடி வந்தான். உப்பு விளைகிற ஊரில் மழை என்பது மழை இல்லை, இழவு. வருஷம் பூராவும் வானத்தைப் பார்த்துப் பார்த்தே அவனுக்குக் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து போயிருந்தது. மழை வரிகளை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கும்பிட்டான். விட முடியாது, ஒரு வரி விட்டாலும் என் வீட்டுக்காரர் கணக்கு முடியவில்லை என்பார் என்றாள் மெட்டில்டா. நிறுத்திவிடுங்கள் என்றான். என் ரெண்டு மணி நேரத்தை நீ தருவியா என்றாள். அவனுக்குப் புரியவில்லை, ஆனாலும் பயந்துவிட்டான். கடைசியில் மெட்டில்டாவே ஒரு வழி சொன்னாள்: மழை பெய்ய நேரம் கிடைத்தால்தானே பெய்யும்? மழை வரிகளை நான் அடிக்கிற வேகத்தில் அடித்தால் அது கீழே வந்து சேருவதற்குள் அடுத்த வரிக்குப் போய்விடும். என்னை எழுப்பாமல், கூப்பிடாமல், அடுப்படிக்கு அனுப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போதும்.

அன்றையிலிருந்து மெட்டில்டா வீட்டு அடுப்பை ஊர் எடுத்துக்கொண்டது. மீன் செதில் எடுத்து, கழுவி, மசாலா தடவி வந்தது. மாவு அரைத்து வந்தது. தண்ணீர்க் குடம் தானாக நிறைந்தது. அவள் விரலுக்கு விளக்கெண்ணெய் தேய்த்துவிட வாத்தியார் பெண்டாட்டி வந்தாள். பால்வண்ணன் ராவும் பகலும் புரோகிராமைச் சுருக்கினார். மழைக்கு ஒரு எழுத்து, வெயிலுக்கு ஒரு எழுத்து, அடிக்கடி வருகிற ஆட்களுக்கு இரண்டு எழுத்து. ஒரு வரி ஆறு விநாடி ஆயிற்று, நான்கு ஆயிற்று. மத்தியானம் இரண்டு மணிக்கு சித்திரைவேல் சங்கு ஊதுவான், அம்பாரமெல்லாம் கீற்றால் மூடப்படும், மெட்டில்டா மழை வரிகளில் இறங்குவாள். மேகம் வரும், இடி தொண்டையைச் செருமும், முதல் சொட்டு பாதி வழி வரும், அதற்குள் அது வேறு தேசத்து வானம் ஆகியிருக்கும். நாற்பது மழை ஐந்து நிமிஷத்தில் கடந்து போகும், தெருவில் ஒரு வாளி நிறையாது. வெயில் வரிகள் வந்தால் மட்டும் ஊருக்காகக் கொஞ்சம் கைகட்டி உட்காருவாள். ஊர் வத்தல் போடும், கருவாடு காயப்போடும், மெத்தையைத் தூக்கி வெளியே போடும்.

பழகிவிட்டது. அளப்பட்டணத்துக்காரர்களுக்குப் பழகாதது என்று ஒன்று உண்டா? மெட்டில்டா வீட்டு வாசல் கேட்டில் ஒரு சிலேட்டு தொங்கியது, அன்றைக்கு என்னென்ன ஊர் வரும் என்று. பெண்கள் மாடியிலிருந்து மாடிக்கு, ஏ, ஹெல்சிங்கி வருது, துணியை எடு என்று கூவினார்கள். சளி பிடித்தால் ஓஸ்லோ பிடித்திருக்கிறது என்றார்கள். சலூன்காரர் கண்ணை மூடிக்கொண்டு, முகத்தில் படுகிற காற்றை வைத்தே, இது லிமா இல்லை, சாந்தியாகோ என்று திருத்துவார். பூகோள வாத்தியார் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வகுப்பை வாசலுக்குக் கூட்டி வந்து நிறுத்தினார். பங்குச் சாமியார் திருநாள் சப்பரத்துக்கு முதல் நாள் வந்து, தேவதூதர் சிறகு அட்டையில் செய்தது, காற்று இல்லாத தேசமாகப் பார்த்துப் போடும்மா என்று கேட்டுக்கொண்டு போனார். ஒரு கல்யாணத்துக்கு நியூசிலாந்து வசந்தம் போட்டாள். மாப்பிள்ளை வீட்டார் திருச்செந்தூர்ப் பக்கம், வந்தவர்கள் ஊர் திரும்ப மனசில்லாமல் மூன்று நாள் தங்கிப் பெண் வீட்டைக் காலி செய்தார்கள்.

இத்தனை கொண்டாட்டத்திலும் சோகமாக இருந்தது ஒரே ஆள்தான். ஹெர்மன் எழுத்தைக் கிறுக்கிப் பார்த்தார். இருபத்தொன்பது வருஷம் கப்பல் கேப்டன்களின் கையெழுத்தைப் படித்தவளுக்கு அது தூசு. நாளுக்கு நாற்பது பேரை அறுபது ஆக்கிப் பார்த்தார். தொண்டை கட்டியது, அவள் மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டு அறுபதையும் நாலே நிமிஷத்தில் அடித்தாள். அறுபத்து மூன்றாவது நாள், சாயங்காலம் நாலரை மணிக்கு, முப்பத்தேழு புத்தகமும் முடிந்தது. ஊரே வாசலில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது, இனி நம் ஊர் வெயிலையே நாம் தின்ன வேண்டுமே என்று. மெட்டில்டாவுக்கு மட்டும் சந்தோஷம் தாளவில்லை. முகம் கழுவி, பவுடர் போட்டு, நீலச் சேலை கட்டி, இரண்டு நாற்காலியை எதிரும் புதிருமாக இழுத்துப் போட்டுவிட்டு, முடிஞ்சுது, ஏழு மணிக்குக் கீழ வாங்க என்று மாடிப்படியில் நின்று சொன்னாள்.

ஹெர்மன் இறங்கி வந்தார். இன்னொரு புத்தகம் இருக்கு என்றார்.

மெட்டில்டாவுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. முப்பத்தெட்டு என்று அவர் ஆரம்பத்தில் சொன்னபோது அலமாரியில் முப்பத்தேழுதான் இருந்தது. ஏதோ எண்ணிக்கைப் பிசகு என்று விட்டிருந்தாள். இப்போது பீரோவில், அவருடைய கல்யாணக் கோட்டுக்கு அடியிலிருந்து எடுத்துக்கொண்டு வருகிறார் ஒன்றை. எனக்கு இரண்டு மணி நேரம் தரக் கூடாது என்பதற்காகப் புதிதாக உட்கார்ந்து எழுதியிருக்கிறாராக்கும் என்று நினைத்தாள். வாங்குகிற வேகத்தில் அட்டை கிழிந்தது. புத்தகம் பழையதுதான். 1994. ஜனவரி, பிப்ரவரி, மார்ச், எல்லாம் நிறைந்த பக்கங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள், வரிக்கு மூன்று விநாடி, வானம் ஊருக்கு மேலே சீட்டுக்கட்டாய்ப் புரண்டது. ஜூலை ஐந்து வந்தது, அடித்தாள். ஜூலை ஆறு என்று அடித்து, பொத்தானைத் தட்டிவிட்டு, கீழே பார்த்தாள். பக்கத்தில் ஒன்றும் இல்லை.

திருப்பினாள். ஜூலை ஏழு, கீழே வெற்றுக் காகிதம். எட்டு, வெற்று. தேதி மட்டும் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அழகாக எழுதியிருந்தது, இருபத்து நாலு வரை, பத்தொன்பது பக்கம். அதற்கப்புறம் புத்தகமே எழுதப்படவில்லை.

பால்வண்ணனின் புரோகிராமில் தேதி மாறினால் மேற்படிகள் எல்லாம் அழிந்துவிடும். நேற்றைய மழை இன்றைக்கு ஆகாது என்பது அவர் கொள்கை. எப்போதும் அடுத்த வரி உடனே வந்துவிடும் என்பதால் அதை யாரும் உணர்ந்ததில்லை. இப்போது திரையில் 'வானிலை?' என்று கேட்டுக்கொண்டு நின்றது, அடிக்க வரி இல்லை, அளப்பட்டணம் வானிலையே இல்லாமல் நின்றது. வெயில் இல்லை, அதற்காக நிழலும் இல்லை. காற்று இல்லை, புழுக்கமும் இல்லை. கொடியில் கிடந்த துணி காயவும் இல்லை, ஈரமாகவும் இல்லை. காக்கைகள் எப்படிப் பறப்பது என்று தெரியாமல் ஒயரில் உட்கார்ந்துவிட்டன. சித்திரைவேல் வாழ்க்கையில் முதல் தடவையாக வானத்தில் பார்க்க எதுவும் இல்லாமல், கழுத்து நேராகி, அதனாலேயே கலவரப்பட்டு, சங்கை எடுத்து ஊத ஆரம்பித்தான்.

அடுத்த பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் பத்தொன்பது நாளையும் தாண்டிவிடலாம், கணக்கு முடிந்துவிடும், ஏழு மணி அவளுக்கு. மெட்டில்டா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அது என்ன மாதம் என்று அவளுக்குத் தெரியும். அந்த ஜூலையில்தான் அவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்து, நினைவே இல்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்தப் பத்தொன்பது நாளும் இந்த மனிதர் ஏழு மணி ஆனால் மாடியேறி ரஷ்யாக்காரனோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருப்பார் என்று முப்பது வருஷமாக நெஞ்சுக்குள் ஒரு கல்லை வைத்திருந்தாள். ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காமலே தெரியும் என்று வைத்திருந்தாள்.

"இங்க ஏன் ஒண்ணும் எழுதலை?" என்றாள்.

ஹெர்மன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். புத்தகத்தை எடுத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்கு வருவேன் என்றார், பழக்கம். ஏழு மணிக்குக் கட்டில் பக்கம் உட்கார்ந்து தேதி எழுதுவேன். உன்னைக் கூப்பிடுவேன், ரேடியோவில் கூப்பிடுகிற மாதிரியே, பேரைச் சொல்லி, ஊரைச் சொல்லி. ஏதாவது பேசுவேன், நிறுத்துவேன், நீ பேச ஒரு நிமிஷம் விடுவேன், மறுபடி கூப்பிடுவேன். நர்சு எனக்கும் சேர்த்துக் கட்டில் போடலாமா என்று டாக்டரைக் கேட்டாள். ஒன்பது மணிக்குப் புத்தகத்தை மூடிவிடுவேன்.

"அப்ப எழுதியிருக்கலாம்ல."

"நீ பதில் சொல்லலையே, மெட்டில்டா. நாம கூப்பிட்டது மட்டும் தொடர்பு ஆகாது. அந்தப் பக்கம் கேட்டு, திருப்பிச் சொன்னாத்தான் லாக்ல எழுதலாம். இல்லாததை எழுதுனா பொய்க்கணக்கு."

சொல்லிவிட்டு மனிதர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் புத்தகத்தை உனக்குக் காட்ட வேண்டாம் என்றுதான் இருந்தேன், பத்தொன்பது நாள் கூப்பிட்டும் ஒரு ஆளைப் பிடிக்க முடியவில்லை என்பது ஒரு ஹாமுக்குக் கேவலம் என்றார். மெட்டில்டாவுக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது, இரண்டையும் அவள் மறைக்கவில்லை. நீலச் சேலைத் தலைப்பில் மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

"என்ன பேசுனீங்கன்னு இப்பச் சொல்லுங்க. இப்ப எனக்குக் கேக்குது."

"தேதி தப்பாயிரும். பேசுன தேதி வேற, கேட்ட தேதி வேற."

"அன்னைக்குக் கூப்பிட்டது இன்னைக்கு வந்து சேந்திருக்கு. தூரம் அப்படி. நீங்க சொல்லுங்க, நான் அடிக்கேன்."

அவர் சொன்னார். முதல் நாள், சீனி எந்த டப்பாவில் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். இரண்டாம் நாளும் அதையே கேட்டேன். மூன்றாம் நாள், பக்கத்து வீட்டு ஆடு ஏரியல் ஒயரைத் தின்றுவிட்டது, நீ வந்து திட்டினால்தான் அது அடங்கும் என்று சொன்னேன். நாலாம் நாள் கஞ்சி அடிப்பிடித்ததைச் சொன்னேன். ஐந்தாம் நாள் நீ இல்லாத வீட்டில் எனக்குச் சுவிட்ச் எது என்றுகூடத் தெரியவில்லை என்று சொன்னேன், எலெக்ட்ரீஷியன் சொல்கிற பேச்சா இது என்று நீ சிரிப்பாய் என்று ஒரு நிமிஷம் பார்த்தேன். மெட்டில்டா கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு நாளுக்கும் பதில் சொல்லி, சீனி ஆர்லிக்ஸ் பாட்டிலில் இருந்தது என்று சொல்லி, ஆட்டை இப்போது திட்டி, அதற்கப்புறம் ஒவ்வொரு வரியாக அடித்தாள். அடிக்கும்போது மேற்படியைத் தொடவே இல்லை. தேதியை முழுசாக அடித்தாள், ஏழு மணி என்று முழுசாக அடித்தாள், மெட்டில்டா டிவோட்டா, அளப்பட்டணம் என்று பத்தொன்பது தடவையும் ஒரு எழுத்து விடாமல் அடித்தாள். நான்கு விநாடி வேலைக்கு நாலைந்து நிமிஷம் எடுத்துக்கொண்டாள்.

முதல் வரியிலேயே குறிப்புக் கட்டம் வந்தபோது கை நின்றது. அன்னைக்கு வெயிலா, மழையா என்று கேட்டாள். ஐம்பத்தேழாயிரம் பேரிடம் ஒருவரைக்கூட விடாமல் அதைக் கேட்டு எழுதின மனிதர் விழித்தார். முகத்தைத் தடவினார், கூரையைப் பார்த்தார்.

"கவனிக்கலை," என்றார்.

அதையே அடித்தாள். பத்தொன்பது வரியிலும் 'கவனிக்கவில்லை' என்று முழுசாக அடித்தாள். வெளியே சங்கு நின்றது. வாசலில் சித்திரைவேல், என்ன நடக்கிறது என்று சத்தம் போட்டுக் கேட்டான். அக்கா தொடர்பில் இருக்கிறாள், தொந்தரவு செய்யாதே என்று ஹெர்மன் ஜன்னலைச் சாத்தினார். மாடியில் ரேடியோ சும்மா கிடந்தது, ஏழு அடித்ததும் ஒன்பது அடித்ததும் அவர் காதில் விழவில்லை.

மறுநாள் காலை பால்வண்ணன் வந்து எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் ஏற்றிக் கம்ப்யூட்டரை மூடினார், ஊருக்கு அதன் சொந்த வெயில் திரும்பியது. அதற்கு முந்தின சாயங்காலத்தைப் பற்றித்தான் தகராறு. உப்பள சங்கத்துப் பதிவேட்டில் தினசரி வானிலை எழுத வேண்டும். சித்திரைவேல் பேனாவோடு தெருத் தெருவாகப் போய்க் கேட்டான். மழை பெய்ததா என்றால், பெய்திருக்கும் என்றார்கள். குளிரா என்றால், தெரியலையே என்றார்கள். முகத்தில் காற்றுப் பட்டாலே தேசம் சொல்கிற சலூன்காரர் வெட்கப்பட்டுத் தலையைச் சொறிந்தார். கருவாடு காய்ந்திருந்தது, அம்பாரம் கரையாமல் இருந்தது, எப்படி என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியாக டிவோட்டா வீட்டுக்கு வந்து, நீங்களாவது சொல்லுங்க அக்கா, நேற்று சாயங்காலம் இங்கே என்ன வானிலை என்று கேட்டான். மெட்டில்டா நெடுநேரம் யோசித்துப் பார்த்தாள், அவளுக்கும் தெரியவில்லை.